கூப்பிட்டால் எழும்பக்கூடிய கேம்



தவணை விடுமுறை தொடங்கினால் எனக்கு வரும் மெசேஜ்களில் பாதி ஒரே கேள்விதான். "சேர், மகன் பிளேஸ்டேஷன் கேட்டு அடம் பிடிக்கிறான். அவங்கட வாப்பா கட்டாரிலிருந்து வரும்போது கொண்டு வாறன் என்று வேற சொல்லிட்டாரு. வாங்கிக் கொடுக்கலாமா?" கணித ஆசிரியரிடம் போய் இதை ஏன் கேட்கிறார்கள் என்றால், நான் கேம் விளையாடுகிறவன் என்பது ஊருக்கே தெரியும். நானும் மறைத்ததில்லை. ஆளுக்கொரு பதில் எழுதிக் களைத்துவிட்டேன். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன். நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த கேமும் வேண்டாம் என்று உங்கள் வீட்டில் முடிவெடுத்திருந்தால் அதில் எனக்கு எந்த வாதமும் இல்லை. ஆனால் பல வீடுகளில் நடப்பது வேறு. கன்சோல் வாங்கிக் கொடுப்பதா இல்லையா என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். அதே வீட்டில் பிள்ளையின் கையில் உம்மாவின் போன் இருக்கிறது. அதில் இலவசமாக இறக்கிய ஒரு கேம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. என்னைக் கேட்டால் யோசிக்க வேண்டியது அந்த இலவச கேமைப் பற்றித்தான்.

கேம் விளையாடத்தான் போகிறான் என்றால் இப்படியானதைத் தேடிக் கொடுங்கள்: ஒருமுறை காசு கொடுத்தால் அத்தோடு முடிந்துவிட வேண்டும். கதைக்கு ஒரு முடிவு இருக்க வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் வைத்துவிட்டு எழும்பக்கூடியதாக இருக்க வேண்டும். இவற்றுக்கு நன்றாகப் பொருந்தி வருபவை ஆர்.பி.ஜி. என்று சொல்லப்படும் கன்சோல் கேம்கள். ஒரு கதாபாத்திரத்தையோ ஒரு சிறு கூட்டத்தையோ நாம் பொறுப்பெடுத்து, ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய், சண்டை போட்டு, அனுபவம் சேர்த்து, கதையை முடிக்கும் வகை.

இந்த வகையின் வேர் கடதாசியில் இருக்கிறது. 1974இல் அமெரிக்காவில் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டு வந்தது. தாயக்கட்டை, பென்சில், கடதாசி, மீதி கற்பனை. அதைக் கணினிக்குக் கொண்டுவந்தவற்றில் 1981இல் வெளியான விசார்ட்ரி, அல்டிமா இரண்டும் முக்கியமானவை. இரண்டும் கொஞ்சம் கரடுமுரடானவை, விசயம் தெரிந்தவர்களுக்கானவை. ஜப்பானில் யூஜி ஹோரி என்பவர் இவற்றைப் பார்த்து மயங்கி, சாதாரண வீட்டுப் பிள்ளைக்கும் விளங்கும்படி ஒன்றைச் செய்தார். அதுதான் 1986 மே மாதம் வந்த டிராகன் குவெஸ்ட். படங்களை வரைந்தவர் டிராகன் பால் வரைந்த அகிரா தொரியாமா. அந்தப் பெயரைச் சொன்னால் என் தரம் 8 வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

இந்த முதல் டிராகன் குவெஸ்டைப் பற்றி ஓர் ஆசிரியனாக எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அது ஓர் அறைக்குள் தொடங்குகிறது. அரசன் முன்னால் நிற்கிறீர்கள். கதவு பூட்டியிருக்கிறது, பெட்டிகள் இருக்கின்றன. பெட்டியைத் திறந்து சாவியை எடுத்து, கதவைத் திறந்து, படியில் இறங்கினால்தான் வெளியே போகலாம். அதற்குள் அந்த கேமில் தேவையான கட்டளைகளில் பெரும்பாலானவற்றை நீங்கள் பாவித்துப் பழகிவிட்டீர்கள். பாடம் நடத்தியதே தெரியாது. வெளியே வந்தால், கடைசியில் போய்ச் சேர வேண்டிய எதிரியின் கோட்டை தண்ணீருக்கு அப்பால் அங்கேயே தெரிகிறது. பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் சுற்றிப் போக வேண்டும். உலகம் முழுவதையும் சுற்றி வந்த பிறகுதான் அந்தக் கரையில் கால் வைக்கலாம்.

இன்னொன்று, தோற்றால் என்ன நடக்கிறது என்பது. டிராகன் குவெஸ்டில் செத்தால் மீண்டும் அரசனிடம் வந்து நிற்பீர்கள். கையில் இருந்த காசில் பாதி போய்விடும். ஆனால் சேர்த்த அனுபவப் புள்ளிகள் அப்படியே இருக்கும். தோல்விக்கு விலை உண்டு, கற்றது மட்டும் கையை விட்டுப் போகாது. விரல் வேகம் இல்லாத பிள்ளையும் பொறுமையாக இருந்தால் ஒருநாள் முடித்துவிடலாம் என்பதுதான் அந்த வடிவமைப்பின் நோக்கம். நாங்கள் திருத்தும் பரீட்சைத் தாள்களில் இந்த நியாயம் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இதற்கு நேர்மாறான ஒன்று 2011இல் வந்த டார்க் சோல்ஸ். ஹிதேடகா மியாசாகி இயக்கியது. அதில் செத்தால் சேர்த்தது முழுவதும் செத்த இடத்திலேயே விழுந்துவிடும். திரும்பிப் போய் எடுக்கலாம். போகும் வழியில் இன்னொரு தடவை செத்தால் எல்லாம் போச்சு. இதை உயர்வாகப் பேசுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், காரணமும் இருக்கிறது. பயம் இருந்தால்தான் ஒவ்வொரு அடியையும் கவனித்து வைப்பான் என்பார்கள். வளர்ந்த ஆளுக்கு அது சரி. ஒன்பதாம் தரப் பொடியனுக்கு, அதுவும் அடுத்த நாள் கணித வகுப்பு இருக்கும்போது, நான் டிராகன் குவெஸ்ட் பக்கம்தான்.

இனி வாதத்துக்கு வருகிறேன். என் லாத்தாவின் மகன், மருமகன்தான், உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். கேம் விசயத்தில் என்னைவிடத் தேறியவன். அவனுக்கும் எனக்கும் நோன்புப் பெருநாள் சாப்பாட்டு மேசையில்கூட நடக்கும் சண்டை ஒன்று உண்டு: மாறி மாறி அடிக்கும் முறை நல்லதா, நேரடியாக ஓடி ஓடி அடிக்கும் முறை நல்லதா என்று.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழைய ஆர்.பி.ஜி.களில் சண்டை செஸ் மாதிரி. உங்கள் முறை வரும்போது அடிப்பதா, மந்திரமா, மருந்தா, தற்காப்பா என்று தெரிவு செய்ய வேண்டும். நீங்கள் தெரிவு செய்யும்வரை எதிரி காத்திருப்பான். புதிய பலவற்றில் எல்லாம் நேரடி. பட்டனை அழுத்தினால் வாள் வீசும், ஓடலாம், உருண்டு தப்பலாம், யாரும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள்.

"என்ன மாமா இது, அடி வாங்குறதுக்கு லைன்ல நிக்கிறானுகள்?" என்பான் அவன். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மோசமாகச் செய்யப்பட்ட முறைவாரிச் சண்டை என்பது 'அட்டாக்' பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதுதான். அதில் யோசிக்க எதுவும் இல்லை. கை வேலை செய்யும், தலை தூங்கும்.

ஆனால் நன்றாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 2001இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 10ஐக் காட்டுவேன். திரையின் ஓரத்தில் அடுத்து யார், அதற்கடுத்து யார் என்ற வரிசை எப்போதும் தெரியும். நீங்கள் ஒரு கனமான வேலையைத் தெரிவு செய்தால் உங்கள் அடுத்த முறை பின்னால் தள்ளிப்போவது கண் முன்னாலேயே தெரியும். எதிரியின் வேகத்தைக் குறைத்தால் அவன் பெயர் கீழே இறங்கும். பறக்கும் எதிரிக்கு பந்து எறிகிற வாக்கா, கவசம் தடித்த எதிரிக்கு ஆரன், வாளால் வெட்டிப் பயனில்லாத ஜெல்லி மாதிரிச் சாமான்களுக்கு மந்திரம் தெரிந்த லூலு. சண்டையின் நடுவிலேயே ஆளை மாற்றலாம், அதற்கு முறை வீணாகாது. யாரை எப்போது இறக்குவது என்பதுதான் கேள்வி. இதில் லைனில் நின்று அடி வாங்குகிறவன் யோசிக்காதவன்தான்.

நடுவில் ஒரு பாதையும் உண்டு. 1991இல் ஃபைனல் ஃபேன்டசி 4இல் ஹிரோயுகி இட்டோ என்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நேரக் கணக்கை வைத்தார். நீங்கள் யோசித்துக்கொண்டே இருந்தால் எதிரி வந்து அடித்துவிடுவான். ஃபார்முலா வன் கார் ஓட்டப் போட்டியைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. 1996இல் வந்த சுப்பர் மாரியோ ஆர்.பி.ஜி. இன்னொன்று செய்தது. முறைவாரிச் சண்டைதான், ஆனால் அடி விழும் அந்தக் கணத்தில் பட்டனைச் சரியாக அழுத்தினால் அடி கூடும், எதிரி அடிக்கும்போது அழுத்தினால் காயம் குறையும். 2020இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக்கில் ஓடி அடிக்கலாம், ஆனால் கட்டளைப் பட்டியலைத் திறந்தால் நேரம் கிட்டத்தட்ட நின்றுவிடும். மருமகனும் நானும் ஒத்துப்போகும் ஒரே கேம் அதுதான்.

காலம் மாறிவிட்டது, இளைஞர்களுக்கு முறைவாரி பிடிக்காது என்பது அவனுடைய கடைசி ஆயுதம். 2023இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 16 முழுக்க நேரடிச் சண்டையாக மாறியதைக் காட்டுவான். நான் அதே 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3ஐக் காட்டுவேன். பெல்ஜிய நாட்டு லாரியன் கம்பனி செய்தது. அச்சொட்டான முறைவாரி, தாயம் உருட்டுவது உட்பட. அந்த வருடம் த கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேம் அதுதான். 2025இல் பிரான்ஸ் நாட்டின் மொன்பெலியே நகரத்தில் ஒரு சிறிய குழு செய்த கிளேர் ஒப்ஸ்கியூர் வந்தது. அதுவும் முறைவாரி, தப்பித்தலும் தடுத்தலும் மட்டும் பட்டன் நேரத்தில். அதை வாங்கியவர்கள் இலட்சக்கணக்கில். (இரண்டுமே வளர்ந்தவர்களுக்கானவை. வாதத்துக்காகத்தான் சொன்னேன், பிள்ளைக்கு வாங்க வேண்டாம்.)

ஆனால் நான் முறைவாரியின் பக்கம் நிற்பதற்குக் காரணம் விருதுகள் அல்ல, மஃரிப் பாங்கு.

விளங்கச் சொல்கிறேன். பிள்ளையைக் கூப்பிடுகிறோம். தொழுகைக்கு, சாப்பாட்டுக்கு, கடைக்குப் போய் சீனி வாங்க, உம்மம்மாவின் மருந்தை எடுத்துக் கொடுக்க. போனில் பத்துப் பேரோடு ஒன்லைனில் சுட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை எழும்ப மாட்டான். அவன் கெட்டவன் என்பதால் அல்ல. எழும்பினால் அவன் செத்துப்போவான், கூட்டாளிகள் ஏசுவார்கள், ரேங்க் இறங்கும். அந்த கேமுக்கு நிறுத்தும் பட்டனே இல்லை. "ரெண்டு நிமிசம் உம்மா" என்கிறான், அது பதினைந்து நிமிசமாகிறது, பிறகு வீட்டில் சத்தம். அந்தச் சத்தத்துக்குப் பாதிக் காரணம் அந்த கேமின் வடிவமைப்பு.

டிராகன் குவெஸ்டில் சண்டையின் நடுவில் கன்ட்ரோலரை நிலத்தில் வைத்துவிட்டு எழும்பலாம். தொழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, படித்துவிட்டு வந்தாலும் அந்த அரக்கன் அங்கேயே நின்று ஆடிக்கொண்டிருப்பான். உங்களுடைய முறைக்காக. பிள்ளைக்கு இழப்பு எதுவும் இல்லை. ஆகவே சாட்டுச் சொல்ல இடமும் இல்லை. "எழும்பு" என்றால் எழும்ப வேண்டியதுதான்.

மருமகன் இதற்கும் பதில் வைத்திருக்கிறான். தனியாக விளையாடும் நேரடிச் சண்டை கேம்களிலும் நிறுத்தும் பட்டன் இருக்கிறதே என்பான். பெரும்பாலானவற்றில் உண்டு, சரிதான். எல்டன் ரிங் மாதிரி அது ஒழுங்காக இல்லாதவையும் உண்டு.

நிறுத்துவது வேறு, சேமிப்பது வேறு. இதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் டிராகன் குவெஸ்டில் சேமிக்கும் வசதியே இல்லை. அரசன் இருபது எழுத்துள்ள ஒரு மந்திரம் சொல்லுவான், அதைக் கொப்பியில் எழுதி வைத்து அடுத்த நாள் அடிக்க வேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தால் எல்லாம் போச்சு. பிறகு வந்தவற்றில் ஊருக்குள்ளோ குறிப்பிட்ட இடங்களிலோ மட்டும் சேமிக்கலாம் என்று வைத்தார்கள். "சேவ் பண்ணுற இடம் இன்னும் வரல்ல" என்று பிள்ளை சொன்னால் அது சில வேளை பொய்யல்ல. பழைய ஃபைனல் ஃபேன்டசியில் அடுத்த சேமிப்பு இடத்துக்கு அரை மணித்தியாலம்கூடப் பிடிக்கலாம். பதற்றம் கூட்டுவதற்காக அப்படி வைத்தார்கள் என்று அதற்கு ஆதரவாக வாதாடுவோர் உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்டில் இருந்துகொண்டு என்னால் அந்த வாதத்தை ஏற்க முடியாது. எங்கும் எப்போதும் சேமிக்கும் வசதி வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே பிளேஸ்டேஷனா ஸ்விட்சா என்று கேட்பவர்களுக்கு நிண்டெண்டோ ஸ்விட்ச் என்கிறேன். பற்றரி உண்டு. மேலே உள்ள பட்டனை ஒருமுறை தட்டினால் எந்த கேமும் விட்ட இடத்திலேயே தூங்கிவிடும்.

அடுத்தது அரைத்த மாவையே அரைக்கும் விசயம். கிரைண்டிங் என்பார்கள். ஒரு எதிரியை வெல்ல பலம் போதவில்லை, ஆகவே சின்னச் சின்ன எதிரிகளை நூறு தடவை அடித்துப் பலம் சேர்ப்பது. இது ஆர்.பி.ஜி.யின் பழைய நோய். பத்து அடி நடந்தால் திரை சுழன்று ஒரு சண்டை, இன்னும் எட்டு அடியில் இன்னொன்று. விளங்காத சூத்திரத்தை நூறு தரம் எழுதச் சொல்லும் ஆசிரியரைப் போன்றது. செய்துதான் காட்டுவான், ஆனால் என்ன படித்தான்?

1994இல் ஜப்பானில் வந்த எர்த்பவுண்ட் இதற்கு அழகான தீர்வு ஒன்றைக் கண்டுபிடித்தது. எதிரிகள் உங்கள் கண்ணுக்கே தெரிவார்கள். நீங்கள் போதுமான பலம் பெற்றுவிட்டால் உங்களைக் கண்டதும் ஓடுவார்கள். முட்டினாலும் சண்டைத் திரையே வராமல் நேரே வெற்றி என்று புள்ளியைக் கொடுத்துவிடும். தெரிந்த கணக்கை மறுபடியும் செய்யச் சொல்லாத ஆசிரியர். 2012இல் வந்த பிரேவ்லி டிஃபோல்ட் வேறு வழியில் போனது. சண்டை எத்தனை தடவை வர வேண்டும் என்பதை நீங்களே கூட்டலாம், குறைக்கலாம், முற்றாக நிறுத்தவும் செய்யலாம். இப்போது திரும்ப வெளியிடப்படும் பழைய ஃபைனல் ஃபேன்டசிகள் பலவற்றிலும் இந்த வசதி உண்டு. வெட்கப்படாமல் பாவியுங்கள்.

நோய்க்கு மருந்து என்று வேறொன்று செய்து கெடுத்ததும் உண்டு. 2006இல் வந்த ஒப்லிவியனில் உங்கள் பலம் கூடக் கூட உலகத்தில் உள்ள எதிரிகளின் பலமும் கூடும். வழிப்பறிக் கள்ளன்கூடக் கடைசியில் அரசர்கள் அணியும் விலையுயர்ந்த கவசத்தோடு வந்து நிற்பான். அவ்வளவு பெறுமதியான கவசம் வைத்திருப்பவன் ஏன் உன்னிடம் சில்லறைக்குக் கத்தியைக் காட்டுகிறான்? நீ எவ்வளவு படித்தாலும் வகுப்பில் உன் இடம் அதேதான் என்று சொல்வதுபோல் இருக்கிறது. அந்த கேமின் காடும் மலையும் எனக்குச் சரியான விருப்பம், இந்தக் கணக்கு மட்டும் ஒருநாளும் ஒத்துவரவில்லை.

போகிமொன் விளையாடும் பிள்ளைகளின் வாப்பாமாருக்கு ஒரு சிறு குறிப்பு. 2019இல் வந்த சுவோர்ட், ஷீல்ட் பதிப்புகளிலிருந்து சண்டை போட்டவர், சும்மா நின்றவர் என்று பாராமல் கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் அனுபவம் கிடைக்கும். அதை நிறுத்த வழியில்லை. முன்பு நிறுத்தலாம். இதைப் பற்றிப் பழைய ஆட்களுக்குக் கோபம். குழுச் செயற்பாட்டில் ஒருவன் வேலை செய்ய ஐந்து பேர் புள்ளி வாங்குவதை வருடாவருடம் பார்க்கிறவன் என்ற வகையில் எனக்கும் கோபம்தான். ஃபைனல் ஃபேன்டசி 10இன் வழிதான் நியாயம்: களத்தில் இறங்கி ஒரு காரியமாவது செய்தவருக்குப் புள்ளி. ஒரு மருந்து எடுத்துக் கொடுத்தாலும் போதும். ஆனால் வேலை செய்யாமல் இல்லை.

இவ்வளவும் சுவைக்காகப் பேசும் வாதங்கள். இப்போது சொல்லப்போவது அப்படியல்ல.

இலவச கேம்களில் 'கச்சா' என்றொரு முறை இருக்கிறது. ஜப்பானில் காசு போட்டுச் சுழற்றினால் உருண்டைக்குள் ஏதோ ஒரு பொம்மை விழும் இயந்திரத்தின் பெயரிலிருந்து வந்தது. நீங்கள் விரும்பும் ஆளை வாங்க முடியாது, அந்த ஆள் விழக்கூடும் என்ற ஒரு சுழற்சியைத்தான் வாங்க முடியும். பிரபலமான கென்ஷின் இம்பாக்டை எடுங்கள். 2020இல் வந்தது. பார்க்க மிக அழகான ஆர்.பி.ஜி., காசு போடாமலும் விளையாடலாம், அதை மறுக்கவில்லை. அதில் உயர்தர ஐந்து நட்சத்திர ஆள் விழும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். அவர்களே வெளியிட்ட எண் அது. 1000 சுழற்சிக்கு 6. 90ஆவது சுழற்சிக்குள் ஒன்று கட்டாயம் தருவார்கள். ஆனால் அது பிள்ளை கேட்ட ஆளாக இருக்கும் என்பதற்கு முதல் தடவையில் உத்தரவாதம் இல்லை. நல்ல வாய்ப்பு அமையாவிட்டால் 180 சுழற்சி வரை போகலாம். ஒரு சுழற்சிக்கு அந்த கேமின் கல் 160. 180ஆல் பெருக்கினால் 28,800. அந்தக் கல்லைச் சும்மாவும் சேர்க்கலாம், மெதுவாக. அல்லது காசு கொடுத்து வாங்கலாம், உடனே.

நிகழ்தகவு பாடத்தில் இந்தக் கணக்கைப் பலகையில் போட்டேன். 0.6 சதவீதம் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் "இவ்வளவு தடவை விழல்ல சேர், அடுத்ததில விழும்" என்று ஒருவன் சொன்னான். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். சூதாட்டம் ஆடுகிறவனை எழும்ப விடாமல் இருத்தி வைக்கும் வாக்கியம் அதுதான். அந்த கேமில் 90ஆவதில் கட்டாயம் என்ற விதி அந்த வாக்கியத்துக்குப் பாதி உண்மையையும் சேர்த்துவிடுகிறது. அதுதான் அதன் கெட்டித்தனம். சூது என்றால் என்னவென்று நம் வீடுகளில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆனால் போனில், பூவும் பட்டாம்பூச்சியுமாக வந்தால் அடையாளம் தெரிவதில்லை. ஒரு தாய் என்னிடம் வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த காசில் வீட்டுச் செலவுக்கு வைத்திருந்ததும் ரீலோடுமாக ஒரு மாதத்தில் கரைந்திருந்தது. என்ன கேம் என்று எழுதவில்லை, அது ஒன்று மட்டும் அல்ல. மகனுக்கு வயது பன்னிரண்டு.

ஜப்பானிலேயே 2012இல் இதில் ஒரு வகையைச் சட்டவிரோதம் என்று நுகர்வோர் விவகார முகவரகம் அறிவித்தது. தனித்தனியாக விழும் பொருட்களை முழுத் தொகுதியாகச் சேர்த்தால் பெரிய பரிசு என்ற வகை அது. காசுக்கு விற்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு சொல்லிவிட்டது. நம் நாட்டில் இதை நிறுத்துகிறவர் வீட்டில் இருக்கும் நீங்கள் மட்டும்தான். போனில் கொள்வனவுக்குக் கடவுச்சொல் போடுங்கள், இன்றைக்கே.

டிராகன் குவெஸ்ட் 11இலும் கேசினோ உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். அதில் பொய்க் காசு மட்டும்தான், வெளிக்காசு ஒரு சதம் போடவும் முடியாது, போகாமலே கதையை முடிக்கலாம். பிள்ளையிடம் "அந்தக் கட்டிடத்துக்குள் போகாதே" என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. அந்த இலவச கேம்களில் முழுக் கட்டிடமும் அதுதான்.

மந்திரம், தெய்வம், பேய் என்று வருகிறதே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆர்.பி.ஜி.யில் மந்திரம் இல்லாததைத் தேடுவது கஷ்டம். நெருப்பு மந்திரம் என்பது சண்டைக் கணக்கில் ஒரு வகை ஆயுதம் என்ற அளவில் நான் அதை எடுத்துக்கொள்கிறேன், அலாவுதீன் கதை வாசித்து வளர்ந்தவர்கள்தானே நாம். ஆனால் எல்லை உண்டு. ஃபைனல் ஃபேன்டசி 10இன் கதையே மக்களை ஏமாற்றும் ஒரு மத நிறுவனத்தைப் பற்றியது. பெரிய பிள்ளையோடு உட்கார்ந்து பேசக்கூடிய விசயம், சின்னப் பிள்ளைக்குத் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. பெர்சோனா 5இன் அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். நாட்காட்டிப்படி பாடசாலை போக வேண்டும், வகுப்பில் ஆசிரியர் கேட்கும் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் அறிவு கூடும், மாலை நேரத்தைப் படிப்புக்கா வேலைக்கா நண்பனுக்கா என்று பிரிக்க வேண்டும். நேரத்தைச் செலவழிப்பது பற்றி அதைவிட நல்ல கேம் எனக்குத் தெரியாது. ஆனால் அதன் கதையில் வரும் சங்கதிகள் பதினேழு வயதுக்கு மேற்பட்டோருக்கானவை. அட்டையில் 'எம்' என்ற எழுத்து இருக்கும். அட்டையைப் பாருங்கள். 'ஈ' என்றால் எல்லோருக்கும், 'ஈ10+' என்றால் பத்து வயதுக்கு மேல், 'டீ' என்றால் பதின்மூன்றுக்கு மேல், 'எம்' என்றால் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

அடிப்பதும் கொல்லுவதும்தானே என்பவர்களுக்கு 2015இல் வந்த அண்டர்டேல். டோபி ஃபொக்ஸ் என்ற ஒருவர் ஏறத்தாழத் தனியாகவே செய்தது. அட்டையில் 'ஈ10+'. ஒவ்வொரு சண்டையிலும் அடிப்பதற்குப் பக்கத்தில் பேசுவதற்கும் மன்னிப்பதற்கும் பட்டன் இருக்கிறது. ஒருவரையும் கொல்லாமலே முடிக்கலாம். கொன்றுவிட்டு மனம் கேட்காமல் பழைய சேமிப்பிலிருந்து திரும்பத் தொடங்கினால், நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும் என்று அந்த கேம் சொல்லிக் காட்டும். என் மகள் அன்றைக்குக் கணினியை மூடிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். பழைய கணினியிலும் ஓடும், விலையும் குறைவு.

அதே மாதிரி 1995இல் வந்த குரோனோ டிரிகர். தொடக்கத்தில் ஒரு திருவிழா. பிள்ளைகள் இஷ்டத்துக்குத் திரிவார்கள், மேசையில் இருக்கும் யாரோ ஒருவரின் சாப்பாட்டை எடுத்துச் சாப்பிடுவார்கள், தொலைந்த பூனையைத் தேடும் சிறுமியைக் கவனிக்காமல் போவார்கள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு ஒரு வழக்கு மன்றம் வரும். அந்தச் சாப்பாட்டுக்காரர் சாட்சிக் கூண்டில் நிற்பார், பூனைக்கு உதவியிருந்தால் அந்தச் சிறுமியும் வருவாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்ததெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. (தீர்ப்பு எப்படி வந்தாலும் சிறைதான், அது வேறு கதை.) அதில் எதிரிகள் வரைபடத்திலேயே கண்ணுக்குத் தெரிவார்கள், இருவர் மூவர் சேர்ந்து செய்யும் தாக்குதல்கள் உண்டு. முப்பது வருடம் கழித்தும் இதைவிட இறுக்கமாகக் கட்டிய ஆர்.பி.ஜி. குறைவு. கன்சோல் இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, போனிலும் கிடைக்கிறது, ஒருமுறை காசு கொடுத்தால் சரி.

ஆகவே யாருக்கு எது? எட்டு, ஒன்பது வயதுக்கு சுப்பர் மாரியோ ஆர்.பி.ஜி. 2023இல் ஸ்விட்சுக்குப் புதிதாகச் செய்திருக்கிறார்கள். அல்லது ஏதாவது ஒரு போகிமொன். தரம் 6, 7 பிள்ளைக்கு அண்டர்டேல், குரோனோ டிரிகர். அதற்கு மேல் டிராகன் குவெஸ்ட் 11இன் 'எஸ்' பதிப்பு. அட்டையில் 'டீ'. சில இடங்களில் அசட்டு நகைச்சுவை உண்டு, பக்கத்தில் இருந்து பாருங்கள். மருமகனைப் போல் விரல் சும்மா இருக்காத பெரிய பிள்ளைக்கு ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக். அதுவும் 'டீ'தான், ஆனால் முதலில் நீங்கள் பார்த்துவிட்டுக் கொடுங்கள். இவை எதுவும் தமிழில் இல்லை. ஆங்கிலம் வாசித்தே ஆக வேண்டும். அகராதியோடு உட்கார்ந்தால் நல்லது, உட்கார மாட்டார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் என் வகுப்பில் ஒருவன் கட்டுரையில் 'கெட்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஒப்டெய்ன்' என்று எழுதியிருந்தான். பெட்டி திறக்கும்போதெல்லாம் வருகிற சொல்லாம்.

ஒரு எச்சரிக்கை. டிராகன் குவெஸ்ட் 11 நீளமானது, கதையை முடிக்கவே ஐம்பது மணித்தியாலத்துக்கு மேல் போகும். நாளைக்கு ஒரு மணித்தியாலம் என்றால் இரண்டு மாதம். இந்த வருடம் சாதாரண தரம் எழுதும் பிள்ளை இப்போது தொடங்க வேண்டாம், பரீட்சை முடிந்த அன்று தொடங்கட்டும். அதுவரை பெட்டியை அலுமாரிக்கு மேல் வையுங்கள். வேறு கேம் பற்றிக் கேட்க இருப்பவர்கள் இன்பொக்ஸில் கேட்காமல் இங்கேயே கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும். மருமகனும் வருவான், எதிர்ப் பதில் எழுத. அவனுக்கும் இடம் கொடுங்கள்.